தனித்தீவாக இருந்த இந்தியாவின் உயிர்கள் எங்கே?

தாங்கள் கேட்டிருப்பதைச் சுருக்கினால் இப்படி வரும்: இந்தியா பல கோடி ஆண்டுகள் கடல் நடுவே தனித்தீவாக இருந்து, பிறகு ஆசியாவோடு மோதி ஒட்டிக்கொண்டது என்று பள்ளியில் படித்தோம், அது உண்மையானால் மடகாஸ்கருக்கு லெமூர் போலவும் ஆஸ்திரேலியாவுக்குக் கங்காரு போலவும் நமக்கென்று வேறெங்கும் இல்லாத விலங்குக் கூட்டம் ஒன்று ஏன் இல்லை? புலி, யானை, மான், குரங்கு எல்லாமே ஆசியாவின் பிற பகுதிகளிலும் இருப்பவைதானே, ஆகவே அந்தப் பயணக் கதையே சந்தேகத்துக்குரியதா? கடைசி வரியில் லெமூரியாவையும் தொட்டிருக்கிறீர்கள். இதற்குள் இரண்டு கேள்விகள் கலந்திருக்கின்றன. இந்தியா பயணம் செய்தது உண்மையா என்பது ஒன்று. செய்திருந்தால் அதில் ஏறி வந்த உயிர்கள் என்னவாயின என்பது மற்றொன்று. முதல் கேள்விக்கு ஐயத்துக்கு இடமில்லாத பதில் உண்டு. இரண்டாவதில் ஒரு பகுதிதான் உறுதியானது. மீதி இன்றும் வாதத்தில் இருக்கிறது. பாறைகளும் தொல்லுயிர் எச்சங்களும் என் தொழில். முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக நிலவியல் கற்பித்து, ஆண்டுதோறும் மாணவர்களை அரியலூர்ப் பக்கம் வெயிலில் நடக்க வைத்தவன். மரபணுக் கணக்குகளை வாசித்துப் புரிந்துகொள்வேனே தவிர, அவற்றைச் செய்து பார்த்த பயிற்சி எனக்கு இல்லை. அந்த வேறுபாட்டை மனத்தில் வைத்துக்கொண்டு கீழே வருவதைப் படிக்க வேண்டுகிறேன்.

உறுதியானதிலிருந்து தொடங்குகிறேன். சென்னைப் பரங்கிமலையிலும் பல்லாவரத்திலும் காணப்படும் கருநிறக் கடினப் பாறைக்குச் சார்னோக்கைட் என்று பெயர். கொல்கத்தாவில், அந்நகரை நிறுவியவராகச் சொல்லப்படும் ஆங்கிலேயர் ஜாப் சார்னாக்கின் கல்லறையில் பதிக்கப்பட்ட கல் இந்த வகையைச் சேர்ந்தது என்பதால், நிலவியலாளர் தாமஸ் ஹாலந்து அவர் பெயரையே அதற்கு வைத்தார். பூமியின் ஆழத்தில் மிகுந்த வெப்பத்திலும் அழுத்தத்திலும் உருவான இப்பாறைக் கூட்டம் தமிழகத்தோடு நின்றுவிடுவதில்லை. இலங்கையிலும் தெற்கு மடகாஸ்கரிலும் கிழக்கு அண்டார்டிகாவிலும் இதன் உடன்பிறப்புகள் உள்ளன. பாலக்காட்டுக் கணவாயை ஒட்டி ஓடும் பழைய நொறுங்கு மண்டலத்தின் தொடர்ச்சியை மடகாஸ்கரில் தேடுவது நிலவியலாளர்களின் வழக்கமான வேலை. கிழக்குத் தொடர்ச்சி மலையின் தொடர்ச்சியை அண்டார்டிகக் கரையில் தேடுவதும் அப்படியே. கிழித்த வேட்டியின் இரு துண்டுகளைக் கரையோடு கரை பொருத்திப் பார்ப்பது போன்றது இது. ஓரத்தின் வடிவம் மட்டும் பொருந்தினால் தற்செயல் எனலாம், நெசவும் பொருந்துகிறபோது அப்படிச் சொல்ல முடியாது.

அடுத்த சான்று நிலக்கரிப் படுகைகளில் இருக்கிறது. கோண்டுவானா என்ற பெயரே நடு இந்தியாவின் கோண்டு மக்கள் வாழும் நிலத்திலிருந்து வந்தது. அப்படுகைகளில் குளோசாப்டெரிஸ் என்னும் நாக்கு வடிவ இலை கொண்ட மரத்தின் எச்சங்கள் ஏராளம். அதே இலை ஆப்பிரிக்காவிலும் தென்னமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் கிடைக்கிறது. 1912இல் தென் துருவத்திலிருந்து திரும்பும் வழியில் உயிர்விட்ட ஸ்காட்டின் குழு, நடக்கவே திராணியற்ற நிலையிலும் ஏறத்தாழ 16 கிலோ எடையுள்ள கற்களைச் சுமந்து வந்திருந்தது. உடல்களுக்கருகே கிடைத்த அந்தக் கற்களில் குளோசாப்டெரிஸ் இலை இருந்தது. ஒடிசாவின் தால்ச்சேரில் இந்தப் படுகைகளுக்கு அடியில் கிடக்கும் உருண்டைக் கற்படிவம் பனியாறுகள் இழுத்து வந்து போட்டது என்பதை 1856லேயே பிளான்ஃபோர்டு சகோதரர்கள் கண்டுகொண்டனர். இன்று வெயிலில் காயும் ஒடிசாவில் ஏறத்தாழ 30 கோடி ஆண்டுகளுக்கு முன் பனிப்பாளம் இருந்தது என்றால், அந்த நிலம் அப்போது துருவத்தை ஒட்டி இருந்திருக்க வேண்டும்.

கண்டங்கள் நகர்ந்தன என்று ஆல்பிரட் வேகனர் 1912இல் சொன்னபோது பலர் ஏற்கவில்லை. எந்த விசை நகர்த்தியது என்று அவரால் காட்ட முடியவில்லை என்பதே அதற்கான முதன்மைக் காரணம், அது நியாயமான தடையும்கூட. அவர் 1930இல் கிரீன்லாந்துப் பனியில் இறந்துபோனார். இந்தியாவைப் பொறுத்தவரை வழக்கைத் திருப்பியவற்றுள் ஒன்று தக்காணத்து எரிமலைப் பாறை. உருகிய பாறைக்குழம்பு ஆறும்போது அதிலுள்ள இரும்புத் தாதுக்கள் அன்றைய புவிக்காந்தப் புலத்தின் சாய்வைப் பதிந்துகொள்ளும். அந்தச் சாய்வு இடத்தின் அட்சரேகையைப் பொறுத்தது. 1950களில் தக்காணப் பாறைகளை அளந்தபோது, அவை ஆறியது நிலநடுக்கோட்டுக்குத் தெற்கே 30 பாகை வாக்கில் என்று தெரியவந்தது. மும்பை இன்று வடக்கே 19 பாகையில் இருக்கிறது. பிறகு 1963இல், நடுக்கடல் முகடுகளின் இருபுறமும் கடற்தரைப் பாறையில் காந்தத் திசை மாறி மாறி வரிவரியாகப் பதிந்திருப்பதன் பொருளை வைன், மேத்யூஸ் இருவரும் விளக்கினர். முகட்டில் புதிய கடற்தரை பிறந்து இருபுறமும் விலகிச் செல்கிறது. வரிகளின் வயதை எண்ணினால் விலகிய வேகம் தெரிந்துவிடும். இந்தியப் பெருங்கடலின் தரையே இந்தியாவின் பயணக் குறிப்பேடு.

அந்தக் குறிப்பேட்டின்படி, கோண்டுவானாப் பெருங்கண்டம் ஏறத்தாழ 18 கோடி ஆண்டுகளுக்கு முன் பிளவுறத் தொடங்கியது. ஏறத்தாழ 13 கோடி ஆண்டுகளுக்கு முன் இந்தியாவும் மடகாஸ்கரும் சேர்ந்த துண்டு, அண்டார்டிகாவையும் ஆஸ்திரேலியாவையும் விட்டு விலகியது. நம் கிழக்குக் கரை பிறந்தது அப்போதுதான். ஏறத்தாழ 8.8 கோடி ஆண்டுகளுக்கு முன் மடகாஸ்கர் கழன்றுகொள்ள, மேற்குக் கரை உருவாயிற்று. உடுப்பியை அடுத்த மால்பேயிலிருந்து படகில் போய்ப் பார்க்கக்கூடிய செயின்ட் மேரீஸ் தீவுகளின் அறுகோணத் தூண் பாறைகள், அந்தப் பிரிவின்போது பொங்கிய எரிமலைக் குழம்பு ஆறியவை. ஏறத்தாழ 6.3 கோடி ஆண்டுகளுக்கு முன் சீஷெல்ஸ் பிரிந்தது. அதை ஒட்டிய காலத்தில்தான் இந்தியா பிற கண்டங்களெல்லாம் மெல்ல நகர்ந்துகொண்டிருக்க, ஆண்டுக்கு 15 செ.மீ. அளவுக்கு வடக்கே விரைந்தது. மனிதக் கணக்கில் மணிவிழா காணும் வயதுக்குள் ஒன்பது மீட்டர், ஒரு பேருந்தின் நீளம்கூட இல்லை. ஆயினும் பத்து லட்சம் ஆண்டில் அது 150 கிலோமீட்டர். ஏன் இத்தனை வேகம் என்பதில் ஒற்றுமை இல்லை. அடியிலிருந்து எழுந்த சூடான பாறைத்தூண் தள்ளியது என்பர் சிலர். வடக்கே, கடற்தரை பூமிக்குள் அமிழும் மண்டலங்கள் இரண்டு ஒரே நேரத்தில் இழுத்தன என்பர் சிலர். இந்தியாவைச் சுமக்கும் புவித்தட்டின் அடிப்பகுதி மற்றக் கோண்டுவானாத் துண்டுகளைவிட மெலிந்துபோனதால் இலகுவாக நகர்ந்தது என்பாரும் உண்டு. எனக்கு இரண்டாவது வாதம் வலுவானதாகப் படுகிறது, தீர்ப்பாகச் சொல்லமாட்டேன்.

மோதலின் காலமும் இதே நிலையில்தான் உள்ளது. பாடநூல்கள் 5 கோடி ஆண்டு என்று எழுதுவது நடுவான மதிப்பீடு. 6 கோடியை ஒட்டி முதல் தொடுகை நிகழ்ந்தது என்பாரும், முழுமையான மோதல் வெகு பின்னால்தான் என்பாரும் இருக்கின்றனர். இந்தியா முதலில் தொட்டது ஆசியப் பெருநிலத்தையா அல்லது டெத்திஸ் கடலின் நடுவே கிடந்த எரிமலைத் தீவு வரிசையையா என்பதில்தான் சிக்கல். ஆனால் நடுவே டெத்திஸ் கடல் இருந்தது, அதன் தரை மடிந்து மலையாயிற்று என்பதில் யாருக்கும் ஐயமில்லை. எவரெஸ்ட் உச்சியில் இருப்பது கடலில் படிந்த சுண்ணாம்புப் பாறை. நேபாளத்துக் காலி கண்டகி ஆற்றில் கிடைக்கும் சாளக்கிராமம், 108 திவ்ய தேசங்களுள் ஒன்றான திருச்சாளக்கிராமத்தின் பெயரோடு நம் வீட்டுப் பூசையறைகளில் இருக்கும் அந்தக் கருங்கல், டெத்திஸ் கடலில் வாழ்ந்த அம்மோனைட் என்னும் சுருள் ஓட்டுயிரியின் அச்சு. அதன் சுருளில் சக்கரத்தைக் கண்டவர்கள் கண்டது வெறும் கல்லில் இல்லாத ஒழுங்கு என்பது உண்மைதான்.

இனித் தாங்கள் முதன்மையாகக் கேட்டதற்கு வருகிறேன். நமக்கென்று தனி விலங்குக் கூட்டம் இல்லாததற்கு மூன்று காரணங்கள் சொல்வேன். முதலாவதற்கு, தனித்தீவாக இருந்தது என்ற சொல்லையே சோதிக்க வேண்டும். கடற்தரைக் கணக்கு, இந்தியாவைச் சுற்றி நீர் இருந்தது என்று சொல்கிறது; அந்த நீரைக் கடக்க முடியாதென்று அது சொல்லவில்லை. அதைச் சொல்ல வேண்டியவை எலும்புகளும் பற்களும். தெலங்கானாவின் நஸ்கலில், தக்காண எரிமலைக் குழம்பின் இரு பாய்ச்சல்களுக்கு நடுவே படிந்த ஏரிச் சேற்றில், ஊசிமுனையளவுப் பற்களைச் சலித்தெடுத்து, டெக்கனோலெஸ்டிஸ் என்ற சிறு பாலூட்டியை 1988இல் ஜி.வி.ஆர். பிரசாதும் அசோக் சாஹ்னியும் விவரித்தனர். அதன் உறவினர்கள் தெற்கில் இல்லை, வடகண்டங்களில் இருந்தவர்கள். அதே காலத்து இந்தியப் படிவுகளில் கிடைத்த வேறு சில பாலூட்டிப் பற்களோ மடகாஸ்கருக்கும் அர்ஜென்டினாவுக்கும் உறவானவை. குஜராத்தில் கிடைத்து 2003இல் பெயரிடப்பட்ட ராஜசாரஸ் என்ற ஊனுண்ணி டைனோசருக்கும் மடகாஸ்கரில்தான் நெருங்கிய சொந்தம்.

அரியலூர் மாவட்டத்துக் கல்லமேடு படிவுகளும் இதே இரட்டை முகத்தைக் காட்டுகின்றன. அரியலூர்ப் பகுதி பெரும்பாலும் கடற்படிவு. டைனோசர்களின் கடைசி யுகமான கிரெட்டேசியஸ் காலத்தில் புதிதாய்த் திறந்த வங்கக் கடல் உள்ளே ஏறி வந்து விட்டுச் சென்ற சேறும் சுண்ணாம்புமே இன்று அங்குள்ள சிமென்ட் ஆலைகளுக்குத் தீனி. அந்த வரிசையின் உச்சியில், கடல் பின்வாங்கியபின் ஆறு படிய வைத்ததுதான் கல்லமேட்டுப் படிவு. அதிலிருந்து 2013இல் இரண்டு செய்திகள் வெளிவந்தன. ஒன்று, மடகாஸ்கரின் சைமோசூக்கஸ் என்ற விசித்திர முதலையின் பல்லைப் போன்ற பல். மற்றொன்று, அதுவரை வடகண்டங்களில் மட்டுமே அறியப்பட்டிருந்த ட்ரூடான்டிட் என்னும் சிறு டைனோசர் வகையின் ஒற்றைப் பல். ஒற்றைப் பல்லை வைத்துக் கண்டங்களின் வரலாற்றை மாற்றி எழுத நான் தயங்குவேன். பல்லின் வடிவம் வெவ்வேறு வகைகளில் தனித்தனியாகவும் தோன்றக்கூடும். ஆனால் டெக்கனோலெஸ்டிஸோடு சேர்த்துப் பார்க்கும்போது, வடக்கிலிருந்து சில உயிர்களாவது தீவுத் தொடர்களைப் படிக்கற்களாகக் கொண்டு இந்தியாவை எட்டியிருக்க வேண்டும் என்று தோன்றுகிறது. ஆக, மோதலுக்கு முன்பே நம் தீவில் கதவு சற்றுத் திறந்துதான் கிடந்தது. (இந்த வட்டாரத்தில் அவ்வப்போது டைனோசர் முட்டை கிடைத்ததாகச் செய்தி பரவும். 2020இல் பெரம்பலூர் குன்னம் அருகே கிடைத்தவையும் அப்படித்தான் பரபரப்பாயின. அவை அம்மோனைட்டைச் சுற்றிக் கனிமம் உறைந்த உருண்டைகள். மாணவர்கள் கொண்டுவந்து காட்டிய அத்தகைய உருண்டைகள் என் மேசையிலேயே பல இருந்தன. முட்டையென்று நம்பி வந்தவர்களின் முகம் வாடுவதைப் பார்க்கச் சங்கடமாக இருக்கும்.)

இரண்டாவது காரணம் அழிவு. 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் தக்காணத்தில் பசால்ட் குழம்பு பெருக்கெடுத்தது. இன்று எஞ்சியிருப்பதே ஏறத்தாழ 5 லட்சம் சதுர கிலோமீட்டர், தமிழ்நாட்டைப்போல் நான்கு மடங்கு. மேற்குத் தொடர்ச்சி மலையில் அதன் கனம் இரண்டு கிலோமீட்டருக்கும் மேல். அதே காலகட்டத்தில் மெக்சிகோவின் சிக்சுலூப்பில் விண்கல் விழுந்தது. உலகளாவிய பேரழிவுக்கு முதற்காரணம் விண்கல்தான் என்பதே இன்று பெரும்பான்மையோர் கருத்து. எரிமலையின் பங்கு எவ்வளவு என்பதில் கருத்து வேறுபாடு நீங்கவில்லை. உலகக் கணக்கில் எதுவாயினும், இந்தியத் தீவின் உயிர்களுக்கு இரண்டும் சேர்ந்தே விழுந்தன. குழம்பு அவற்றின் வீட்டு முற்றத்திலேயே ஓடியது. இதோடு, பயணமே ஒரு சோதனையாகவும் அமைந்தது. தெற்கின் குளிர்ந்த காடுகளில் தொடங்கி, வறண்ட வலயத்தைக் கடந்து, நிலநடுக்கோட்டு மழை வலயத்துக்குள் நுழைந்த நிலத்தில், ஒரு தட்பவெப்பத்துக்குப் பழகிய உயிர் அப்படியே நீடிப்பது எளிதன்று. ஆஸ்திரேலியாவும் வடக்கே நகர்ந்தது, ஆனால் இத்தனை வலயங்களை இத்தனை வேகத்தில் அது கடக்கவில்லை.

மூன்றாவதாகத்தான் மோதல் வருகிறது, என் கணிப்பில் இதுவே முதன்மையானது. ஆஸ்திரேலியா இன்றுவரை எந்தப் பெருங்கண்டத்தோடும் ஒட்டவில்லை, மடகாஸ்கரும் அப்படியே. இந்தியா மட்டும் உலகின் மிகப் பெரிய நிலப்பரப்போடு போய்ச் சேர்ந்தது. சேர்ந்த அல்லது சேரவிருந்த நாள்களின் படத்தைச் சூரத் அருகிலுள்ள வஸ்தான் பழுப்பு நிலக்கரிச் சுரங்கம் காட்டுகிறது. ஏறத்தாழ 5.2 முதல் 5.4 கோடி ஆண்டுப் பழமையான அந்தப் படிவில் கிடைத்த மரப்பிசினில், சிக்கிய நிலையிலேயே நூற்றுக்கணக்கான பூச்சிகள் இருந்தன. தனிமையில் வளர்ந்த தீவாக இருந்தால் அவை விநோத வகைகளாக இருக்க வேண்டும். 2010இல் வெளியான ஆய்வு காட்டியதோ, அவற்றுள் பலவற்றுக்கு ஐரோப்பாவிலும் ஆசியாவிலும் உறவினர்கள் இருந்தனர் என்பதை. அதே சுரங்கத்தில் கிடைத்த கேம்பேதீரியம் என்ற விலங்கு, குதிரை, காண்டாமிருகம் ஆகியவற்றின் மூதாதையருக்கு மிக நெருங்கியது. அந்தக் கூட்டமே இந்தியாவில் தோன்றி வெளியே பரவியிருக்கலாம் என்று அதை ஆய்ந்தவர்கள் கருதுகின்றனர். சற்றுப் பின்னர், மோதலால் சுருங்கிக்கொண்டிருந்த டெத்திஸின் ஆழமற்ற கரைகளில் திமிங்கிலங்கள் பிறந்தன. ஜம்மு பகுதியிலுள்ள காலாகோட்டில் கிடைத்த இந்தோஹையஸ் என்ற சிறிய குளம்பு விலங்கும், பாகிஸ்தானில் கிடைத்த பாக்கிசீட்டஸும் நிலத்திலிருந்து நீருக்குச் சென்ற அந்தக் குடும்பக் கதையின் முதல் பக்கங்கள். இந்தியா தனக்கென்று தந்த மிகப் பெரிய விலங்கு எது என்று கேட்டால், திமிங்கிலம் என்று சொல்லுவதில் மிகை சிறிதே உண்டு.

கதவு முழுவதும் திறந்தபின் வந்தவை ஏராளம். புலி ஆசியாவில் தோன்றியது. யானைக் குடும்பம் ஆப்பிரிக்காவில் தோன்றி ஆசியா வழியாக வந்தது. குரங்குகளும் அந்த வழியே வந்தவை. நம் மாநில விலங்கான வரையாடுகூட, பெயரில் ஆடாக இருந்தாலும், மரபணுவில் வடக்கத்திச் செம்மறி இனங்களுக்கே நெருக்கம் என்று தெரியவந்துள்ளது. அதன் முன்னோரும் வடக்கிலிருந்து இறங்கியவர்களே. ஆகவே தாங்கள் கண்ணால் காணும் பெரிய பாலூட்டிகளை வைத்து இந்தியாவின் தீவுக் காலத்தைத் தேடினால் எதுவும் கிடைக்காது. அவை யாவும் பின்னால் குடியேறியவை.

அப்படியானால் பழைய குடிகள் எங்கே? மண்ணுக்கு அடியில். இடுக்கி மாவட்டத்திலிருந்து 2003இல் எஸ்.டி. பிஜுவும் ஃபிராங்கி போசூய்த்தும் ஒரு தவளையை விவரித்தனர். ஊதா நிறம், உப்பிய உடல், பன்றியின் மூக்கைப் போன்ற கூர்முகம். கேரளத்தில் பாதாளத் தவளை என்றும், ஆண்டுக்கொருமுறை மேலே வருவதால் மாவேலித் தவளை என்றும் சொல்கிறார்கள். ஆண்டில் பெரும்பகுதி மண்ணுக்குள் கறையான் தின்று கிடந்து, பருவமழைக்கு முன்னான மழையில் சில நாள்கள் மட்டும் இணைசேர வெளியே வருகிறது. அதன் மிக நெருங்கிய உறவினர்கள் ஆசியாவிலும் இல்லை, ஆப்பிரிக்காவிலும் இல்லை. ஏறத்தாழ 3,000 கிலோமீட்டருக்கு அப்பால் சீஷெல்ஸ் தீவுகளில் உள்ள சிறு தவளைகளே. உப்புநீர் தவளையின் தோலுக்கும் முட்டைக்கும் பகை. நீந்தி வந்திருக்க இயலாது. இரு நிலங்களும் ஒட்டியிருந்த காலத்திலேயே அந்தக் குலம் அங்கே வாழ்ந்தது என்பதே பொருத்தமான விளக்கம். 2017இல் இதன் இரண்டாவது இனம் நம் திருவில்லிபுத்தூர் மலைச்சரிவிலிருந்து விவரிக்கப்பட்டு, களப்பணியின்போது உயிரிழந்த ஆய்வாளர் சுப்பிரமணியம் பூபதியின் பெயரைப் பெற்றது.

இது தனிக் கதை அன்று. காலில்லாமல் மண்புழுவைப் போலத் தோன்றும் சிசிலியன் என்னும் இருவாழ்விகளில், மேற்குத் தொடர்ச்சி மலையின் சில வகைகளுக்குச் சீஷெல்ஸில் உறவு. 2012இல் வடகிழக்கு இந்தியாவிலிருந்து அறிவிக்கப்பட்ட சிகிலா என்னும் சிசிலியன் குடும்பத்துக்கு ஆப்பிரிக்காவில் உறவு. கேரளத்தின் நிலத்தடி நீரில் வாழ்ந்து, 2019இல்தான் அறிவியலுக்குத் தெரியவந்த ஒரு மீன், நம் விராலுக்கு மிகத் தொலைவான சொந்தம். அதற்கெனத் தனிக் குடும்பமே வகுக்க வேண்டியிருந்தது. இவற்றைச் சேர்த்துப் பார்த்தால் ஓர் ஒழுங்கு தெரிகிறது. தப்பியவை சிறியவை, ஈரம் விரும்புபவை, தோண்டி வாழ்பவை. மேலே எரிமலையும் வறட்சியும் வடக்கத்திப் புதுக்குடிகளும் வந்துபோனபோது, கீழே ஈர மண்ணுக்குள் காலம் மெல்ல நகர்ந்தது. இந்த விளக்கம் என் மனத்துக்குப் பிடித்தது, அதனாலேயே எச்சரிக்கையும் தேவை. இவ்வுயிர்கள் எப்போது பிரிந்தன என்ற ஆண்டுக் கணக்குகள் மரபணுக் கடிகாரத்தால், அதாவது மரபணு மாற்றங்கள் சேரும் வேகத்தை வைத்து, போட்டவை. அந்தக் கடிகாரத்தை எந்தப் புதைபடிவத்தைக் கொண்டு திருத்துகிறோம் என்பதைப் பொறுத்து விடை சில கோடி ஆண்டுகள் முன்பின்னாகும். ஊதாத் தவளைக்கும் சீஷெல்ஸ் தவளைகளுக்கும் இடையிலான பிரிவு, இரு நிலங்களும் பிரிந்த 6.3 கோடி ஆண்டைவிட வெகு பழமையானது என்றே பெரும்பாலான கணக்குகள் சொல்கின்றன. அதாவது நிலம் பிரியும் முன்பே குடும்பங்கள் பிரிந்துவிட்டன. ஒன்று இங்கும் மற்றொன்று அங்குமாக எஞ்சின.

எஞ்சியவற்றைப் பற்றி மட்டும் பேசினால் கணக்கு பாதிதான். நம்மிடமிருந்து வெளியே போனவையும் உண்டு. வஸ்தான் மரப்பிசின் எந்த மரத்தினுடையது என்று வேதியியல் சோதனை செய்தபோது, அது டிப்டெரோகார்ப் என்னும் குடும்பத்தைச் சேர்ந்தது என்று தெரிந்தது. பெயர் அந்நியமாக இருந்தாலும் மரம் நமக்குப் பழகியதே: சால் மரமும் வெள்ளைக் குங்கிலியமும் இக்குடும்பத்தவை. கோயிலில் புகையும் குங்கிலியத்துக்கும் ஐந்து கோடி ஆண்டுப் பழைய குஜராத்துப் பிசினுக்கும் உள்ள உறவு இதுதான். இன்று போர்னியோ, மலேசியக் காடுகளின் மிக உயர்ந்த மரங்களெல்லாம் இந்தக் குடும்பமே. மகரந்தப் புதைபடிவங்களை வைத்து 2022இல் வெளியான ஆய்வு ஒன்று, இக்குடும்பம் ஆப்பிரிக்காவில் தோன்றி, இந்தியாவுக்குத் தாவி, இந்தியா ஆசியாவைத் தொட்டபின் தென்கிழக்காசியாவுக்குப் பரவியது என்கிறது. இது சரியென்றால், ‘இந்தியாவுக்கே உரியது’ என்று தேடியவற்றுள் சில, இன்று இந்தியாவுக்கு வெளியேதான் செழித்திருக்கின்றன. அதனாலேயே அவை நம்முடையவை என்று நமக்குத் தோன்றுவதில்லை.

லெமூரியாவைப் பற்றிக் கேட்டதற்கும் இங்கேயே பதில் சொல்லிவிடலாம். மடகாஸ்கரில் லெமூரும் இந்தியாவில் அதற்கு உறவான தேவாங்கும் இருப்பதை விளக்க, 1864இல் பிலிப் ஸ்கிளேட்டர் இந்தியப் பெருங்கடலில் மூழ்கிப்போன ஒரு கண்டத்தைக் கற்பனை செய்து லெமூரியா என்று பெயரிட்டார். கண்டங்கள் நகரும் என்று தெரியாத காலத்தில் அது மதிப்புக்குரிய ஊகம். புவித்தட்டுக் கோட்பாடு வந்தபின் அதற்குத் தேவை இல்லாமல் போயிற்று. வேடிக்கை என்னவென்றால், தாங்கள் தீவு வாழ்வின் சான்றாகக் காட்டிய லெமூரே நிலத்தோடு பிரிந்து வந்ததன்று. மடகாஸ்கர் தீவாகிப் பல கோடி ஆண்டுகள் கழித்து, ஆப்பிரிக்காவிலிருந்து புயலில் அடித்துவரப்பட்ட மரத்திரள்களில் தொற்றிக்கொண்டு அதன் முன்னோர் வந்தனர் என்பதே இன்றைய பெரும்பான்மைக் கருத்து. கங்காருவின் முன்னோரும் தென்னமெரிக்காவிலிருந்து அண்டார்டிகா வழியாக ஆஸ்திரேலியாவை அடைந்தவர்கள். அண்டார்டிகாவின் சீமோர் தீவில் பைப்பாலூட்டிகளின் எச்சம் கிடைத்திருக்கிறது. மொரீஷியஸ் தீவின் எரிமலைப் பாறையில் 300 கோடி ஆண்டுப் பழமையான சிர்கான் என்னும் கனிமத் துகள்கள் கிடைத்ததால், அடியில் பழைய கண்டத் துணுக்கு ஒன்று இருப்பதாக 2017இல் செய்தி வந்தபோது, லெமூரியா கிடைத்துவிட்டது என்று சிலர் எழுதினர். அந்தத் துணுக்கு இந்தியாவும் மடகாஸ்கரும் பிரிந்த காலத்து உதிரி. மனிதன் தோன்றப் பல கோடி ஆண்டுகள் இருந்தன. கடல் கொண்ட நிலம் என்ற பழந்தமிழ் நினைவுக்கு அடிப்படை தேட விரும்புவோர் வேறிடத்தில் தேடலாம். ஏறத்தாழ 20,000 ஆண்டுகளுக்கு முன் கடல்மட்டம் இன்றைக்குவிட 120 மீட்டர் தாழ்வாக இருந்தது. பாக் நீரிணை அன்று நிலம். அது பனிக்காலத்தின் கதை, தட்டுகளின் கதையன்று.

இன்னொன்றையும் சேர்க்க வேண்டும். மோதல் அழித்ததோடு நிற்கவில்லை. எஞ்சியவற்றைக் காக்கும் மழையை மிகுதியாக்கியதிலும் அதற்குப் பங்கிருக்கலாம். இமயமும் திபெத்தும் உயர்ந்தது பருவமழையை வலுப்படுத்தியது என்பது பரவலான கருத்து. எந்த அளவுக்கு, எந்தக் காலத்திலிருந்து என்பதில் காலநிலை ஆய்வாளர்கள் உடன்படவில்லை. திபெத்தின் உயரம்தான் காரணம் என்பாரும், வடக்கத்திக் குளிர்காற்றைத் தடுக்கும் இமயச் சுவரே போதும் என்பாரும் உளர். கண்ணுக்குத் தெரியும் விளைவு ஒன்றை மட்டும் சொல்லலாம். அந்த மழை இமயத்தை அரித்துக் கங்கையும் பிரம்மபுத்திராவும் சுமந்துவந்த வண்டல், வங்கக் கடலின் அடியில் இலங்கைக்கும் தெற்கே வரை விசிறியாகப் பரந்து கிடக்கிறது. உலகின் மிகப் பெரிய கடலடி வண்டல் விசிறி அதுவே. தட்டு இன்னும் நிற்கவில்லை, ஆண்டுக்கு நான்கைந்து செ.மீ. வடக்கே நெருங்கிக்கொண்டுதான் இருக்கிறது.

நேரில் பார்க்க வேண்டுமென்று எழுதியிருந்தீர்கள். மால்பேயின் தூண் பாறைகளுக்கு மழைக்காலம் தவிர எப்போதும் படகு உண்டு. பெரம்பலூர் மாவட்டம் சாத்தனூரில் 18 மீட்டர் நீளத்துக்குக் கிடக்கும் கல்லாகிப்போன மரம், கிரெட்டேசியஸ் கடலுக்குள் அடித்துவரப்பட்டுப் புதைந்தது; வேலிக்குள் பாதுகாப்பாக இருக்கிறது, போகும்போது தண்ணீர் எடுத்துச் செல்லுங்கள், நிழல் குறைவு. ஊதாத் தவளையை முழு வளர்ச்சியில் காண்பதற்குச் சில நாள்களே வாய்க்கும் என்பதால் அதை நம்பிப் போக வேண்டாம். அதன் தலைப்பிரட்டையைக் காண்பது எளிது. பருவமழை தொடங்கியபின், மேற்குத் தொடர்ச்சி மலையின் வேகமான ஓடைகளில், வழுக்கும் பாறை முகத்தில் வாயையே உறிஞ்சியாக வைத்து ஒட்டிக்கொண்டிருக்கும். அறிவியல் அந்தத் தலைப்பிரட்டையை 1918லேயே விவரித்துவிட்டது. அது வளர்ந்து என்னவாகிறது என்று தெரிய இன்னும் 85 ஆண்டுகள் ஆயின. அங்குள்ள பழங்குடியினர் அதை ஓடைப் பாறையிலிருந்து எடுத்துச் சமைத்து உண்டுவந்திருக்கிறார்கள்.